புறநகரம் மாநகரமாகும்போது

நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பதினேழு பேர் நகரங்களில் வாழ்ந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இவ்விகிதம் முப்பத்தொன்றாக உயர்ந்து, நகர மக்களின் தொகை 37.7 கோடியை எட்டியது. நகரப் பெருக்கம் என்றதும் மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இப்பெருநகரங்களின் நடுப்பகுதிகளில் மக்கள்தொகை வளர்வது மிகவும் மந்தப்பட்டுவிட்டது. வளர்ச்சியின் பெரும்பகுதி விளிம்புகளுக்கு நகர்ந்துவிட்டது.

மும்பையையே எடுத்துக்கொள்வோம். 2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் மும்பைத் தீவுப் பகுதியின் மக்கள்தொகை 33.4 இலட்சத்திலிருந்து 30.9 இலட்சமாகக் குறைந்தது. மாநகராட்சி எல்லை முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் வளர்ச்சி நான்கு விழுக்காட்டைத் தொடவில்லை. அதே காலத்தில் அன்றைய தானே மாவட்டத்தின் மக்கள்தொகை 81 இலட்சத்திலிருந்து ஒரு கோடியே 10 இலட்சமாகப் பெருகியது; நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த மாவட்டமாக அது இடம்பெற்றது. மும்பையில் வேலை, தானே மாவட்டத்தில் வீடு என்ற ஏற்பாட்டைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன.

அந்த ஏற்பாட்டில் உருவான நகரங்களுள் ஒன்று வசாய்-விரார். 2009-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் வசாய், விரார், நாலாசோபாரா, நவ்கர்-மாணிக்பூர் ஆகிய நான்கு நகராட்சிகளும் அவற்றைச் சூழ்ந்த 53 கிராமங்களும் ஒன்றாக்கப்பட்டு இது மாநகராட்சியாயிற்று. 2001-இல் அந்நான்கு நகராட்சிகளிலும் சேர்த்து ஐந்து இலட்சம் பேர்கூட இல்லை. 2011-இல் புதிய மாநகராட்சியின் மக்கள்தொகை 12.2 இலட்சம். சேர்க்கப்பட்ட கிராமங்களைக் கழித்துக் கணக்கிட்டாலும் இது வியப்பூட்டும் பெருக்கமே.

திட்டமிடலில் மாணவர்கள் முதலில் கற்கும் நியதி ஒன்றுண்டு: முதலில் நிலப்பயன் வரைபடம், அடுத்து சாலை, குடிநீர், சாக்கடை, பிறகு வீடு, இறுதியில் மக்கள். வளரும் புறநகரத்தில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. மக்கள் முதலில் வருகின்றனர். ரயில் வசதி அவர்களைப் பின்தொடர்கிறது. குடிநீர் அதற்கும் பின்னால். நகராட்சி அமைப்பு கடைசியில். அங்கு வாழ்வோரின் அன்றாட அனுபவம் எத்தகையது என்பதைப் பெரும்பாலும் இந்த வரிசை மாற்றமே முடிவு செய்கிறது.

பழைய ஊர்கள்

வசாய்-விரார் வெறும் பொட்டல் நிலத்தில் எழுந்த நகரமன்று. நாலாசோபாராவின் பெயரில் ஒட்டியிருக்கும் சோபாரா, பண்டைக் காலத்தில் மேற்குக் கரையின் புகழ்பெற்ற துறைமுகமான சூர்ப்பாரகமாகும். அசோகரின் பாறைக் கல்வெட்டின் ஒரு துண்டும் ஒரு பௌத்தத் தூபியும் 1882-ஆம் ஆண்டில் அங்குக் கண்டறியப்பட்டன. வசாயில் 1534 முதல் 1739 வரை போர்த்துக்கீசியர் ஆட்சி நடைபெற்றது. சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். வரலாற்று நூல்களில் 'பசீன் உடன்படிக்கை' என நாம் படிப்பது 1802-இல் இவ்வூரில் கையெழுத்தானதே.

ரயில் பாதைக்கு மேற்கே கடற்கரை வரை நீளும் நிலப்பரப்பு தோட்டக்கால் பூமி. வாழை, வெற்றிலை, மலர், காய்கறி ஆகியவற்றைப் பயிரிட்டு விடியற்காலை ரயிலில் மும்பைச் சந்தைகளுக்குக் கொண்டுசென்று விற்பது இங்குள்ள குடும்பங்களின் தலைமுறைத் தொழில். அகாஷியின் உலர்வாழைப்பழம் பெயர்பெற்றது. கிறிஸ்தவ உழவர்களும், வாடவல், ஆக்ரி சமூகத்தினரும், கோலி மீனவர்களும், கிழக்கே துங்காரேஷ்வர் மலையடிவாரத்தில் ஆதிவாசிகளும் இங்குப் பன்னெடுங்காலமாக வாழ்பவர்கள். இடையில் கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள். இந்நிலப்பரப்பின் நடுவே ஓடும் ரயில் பாதையின் இருமருங்கிலுந்தான் புதிய நகரம் எழுந்தது.

வந்தவர்கள் யார்? 1982 ஜனவரியில் தொடங்கிய மும்பைப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். ஆலைகள் பல மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. பரேல், லால்பாக் பகுதிகளின் ஒற்றையறைக் குடியிருப்புகளில் மூன்று தலைமுறையினர் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்களில், மணமான மகன் தனிக்குடித்தனம் வைக்கத் தன் வருவாய்க்கு ஏற்ற இடத்தைத் தேடி வடக்கு நோக்கிச் சென்றான். போரிவிலியில் விலை கட்டவில்லை; மீரா சாலையிலும் கட்டவில்லை; நாலாசோபாராவில் கட்டியது. கொங்கணத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும், பின்னர் உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இதே கணக்கில்தான் இங்கு இறங்கினர். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட சிறு வீடு. ஆனால் வாடகை வீடன்று, சொந்த வீடு. புறநகர வாழ்வின் தொல்லைகளை அடுக்கும் கட்டுரைகள் பல இந்த ஒரு சொல்லின் எடையை மறந்துவிடுகின்றன. 'சொந்தம்' என்ற அச்சொல்லுக்காகவே மக்கள் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கின்றனர்.

அறுபது கிலோமீட்டர்

விராரிலிருந்து மும்பைக்கு முதல் ரயில் 1867-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. அன்று நாளுக்கு ஒரு ரயில். 1936-இல் மின்மயமாக்கம் விரார் வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் போரிவிலிக்கும் விராருக்கும் இடையே கூடுதலாக இரு தண்டவாளங்கள் அமைக்கும் பணி 2007-இல்தான் நிறைவெய்தியது. இந்த இடைவெளியில்தான் நகரம் பிறந்து, வளர்ந்து, நெரிசலின் உச்சத்தைத் தொட்டிருந்தது.

இங்குச் சாலை ரயிலுக்கு மாற்றாக அமைவதில்லை. மும்பைக்கும் வசாய்க்கும் நடுவே உல்லாஸ் ஆற்றின் கழிமுகம் அகன்று கிடக்கிறது. பயந்தரிலிருந்து அதைக் கடக்க ரயில் பாலம் உண்டு. சாலைப் பாலம் இல்லை. ரயிலில் சில நிமிடங்களில் முடியும் இத்தூரத்தைச் சாலை வழியே கடக்க வேண்டுமானால், கோட்பந்தர் அருகே தேசிய நெடுஞ்சாலைப் பாலம் வரை சுற்றிச் செல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில்தான் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் படகுப் போக்குவரத்து வசாய்க்கும் பயந்தருக்கும் இடையே தொடங்கப்பட்டது. ஆகவே ரயில் நின்றால் நகரமே நிற்கிறது.

விராரிலிருந்து சர்ச்கேட் 60 கிலோமீட்டர். விரைவு வண்டியில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஒன்றே முக்கால் மணி நேரம். வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டி, போக வர நான்கு மணி நேரம் எனக் கொள்வோம். ஆண்டில் 300 வேலை நாட்களுக்கு 1,200 மணி நேரம். அதாவது, ஒருவர் ஆண்டுதோறும் ஐம்பது முழு நாட்களை, இரவும் பகலுமாக, ரயிலிலும் ரயிலை நாடியும் கழிக்கிறார்.

அந்நேரத்தை அவர் எவ்வாறு கழிக்கிறார் என்பதும் அறியத்தக்கது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 14 முதல் 16 பேர் வரை நிற்கும் நிலையைக் குறிக்க ரயில்வே துறையினர் தனிச் சொல்லே உருவாக்கியுள்ளனர். 'மிக அடர்ந்த நசுக்கு நெரிசல்' என அதைத் தமிழில் சொல்லலாம். இந்நெரிசலுக்கென மக்கள் தாமாகவே சில விதிகளை வகுத்துக்கொண்டுள்ளனர். நாலாசோபாராவில் வசிப்பவர் காலையில் மும்பை வண்டியில் ஏற முயல்வதில்லை. எதிர்த்திசையில் வரும் வண்டியில் ஏறி விரார் வரை சென்று, அதே இருக்கையில் அமர்ந்தபடி திரும்பி வருகிறார். மாலையில் விரார் விரைவு வண்டியில் போரிவிலியில் இறங்க வேண்டியவர் ஏறினால் வரவேற்பு இராது. தொலைவில் வாழ்பவருக்கே தொலைதூர வண்டி உரியது என்பது எழுதப்படாத சட்டம். நடுவழியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பவருக்கு இடம் விடுவதும், நாள்தோறும் ஒரே பெட்டியில் சந்திப்போர் பஜனைக் குழுவாக மாறுவதும், பெண்கள் பெட்டியில் கீரை ஆய்ந்து முடித்து வீடு திரும்புவதும் இதே ஒழுங்கின் வேறு முகங்கள். பெண்களுக்கெனவே முழு வண்டி 1992-இல் சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே விடப்பட்டு, அடுத்த ஆண்டு விரார் வரை நீட்டிக்கப்பட்டது. அவ்வண்டி வந்த பிறகு மும்பை அலுவலக வேலை விரார்ப் பெண்களுக்குச் சற்றேனும் எட்டக்கூடியதாயிற்று.

இத்தோழமையை வியந்து எழுதுவோர், அதற்குப் பின்னாலுள்ள விலையையும் எழுத வேண்டும். மும்பைப் புறநகர் ரயில்களில், தண்டவாளத்தைக் கடக்கும்போதும் ஓடும் வண்டியிலிருந்து விழுந்தும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்து வந்துள்ளனர். 2024-இல் இது குறித்த பொதுநல வழக்கை விசாரித்த மும்பை உயர்நீதிமன்றம் ரயில்வே நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

கிணறும் குழாயும்

அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது அவற்றுக்குக் குழாய் நீர் கிடையாது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்பு நீரே வந்தது. ஆகவே மேற்குப் பகுதித் தோட்டக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து தண்ணீர் லாரிகள் நிரப்பப்பட்டு, புதிய குடியிருப்புகளுக்கு விற்கப்பட்டன. கடலோர நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்பது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலேறும். ஒருமுறை ஏறினால் எளிதில் இறங்காது. லாரிகள் இறைத்தது மாடிவீட்டாரின் குடிநீரை மட்டுமன்று, வெற்றிலைத் தோட்டத்தின் உயிரையும் சேர்த்துத்தான்.

1980-களின் இறுதியில் இதற்கு எதிராக எழுந்ததே 'ஹரித் வசாய்' எனப்படும் பசுமை வசாய் இயக்கம். மராத்தி எழுத்தாளரும் கத்தோலிக்கக் குருவுமான ஃபிரான்சிஸ் டிப்ரிட்டோ அதன் முன்னணியில் நின்றார். 2020-இல் நடைபெற்ற அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர், 2024-இல் காலமானார். பழைய குடிகளுக்கும் புதிய குடிகளுக்கும் இடையிலான பகை என இப்போராட்டத்தைச் சுருக்கிவிடுவது சரியன்று. குடம் தண்ணீருக்காக நள்ளிரவில் விழித்திருந்த மாடிவீட்டுப் பெண்ணும், கிணறு உவர்ந்த உழவனும் ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்டவர்களே. குழாய் பதிப்பதற்கு முன் வீடு கட்ட அனுமதித்ததே அக்காரணம்.

பின்னர் குழாய் வந்தது. உஸ்காவ், பெல்ஹார் அணைகளுடன், வடக்கே சூர்யா ஆற்றின் தாமணி அணையிலிருந்தும் நீர் கொணரப்பட்டது. மும்பைப் பெருநகர் வட்டார வளர்ச்சி ஆணையம் நிறைவேற்றிவரும் சூர்யா வட்டாரக் குடிநீர்த் திட்டம் நாளொன்றுக்கு 40.3 கோடி லிட்டர் வழங்கும் திறனுடையது. இதில் வசாய்-விராருக்கு 18.5 கோடியும் மீரா-பயந்தருக்கு 21.8 கோடியும் ஒதுக்கீடு. மலைகளைக் குடைந்து குழாய் பதிக்கப்பட்ட இத்திட்டத்தில் வசாய்-விராருக்கு நீர் வரத்து 2023-இன் பிற்பகுதியில் தொடங்கிற்று.

இங்கும் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. சூர்யா அணை முதலில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதன் ஆயக்கட்டு பெரும்பாலும் ஆதிவாசி உழவர்களின் நிலம். நகரத்துக்கு நீர் திருப்பப்படுவதை எதிர்த்து அவர்கள் தொடர்ந்து குரல் எழுப்பி வந்துள்ளனர். ஹரித் வசாய் இயக்கத்தின் கேள்வி எழுபது எண்பது கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிட்டது எனலாம். விடை கிடைத்துவிட்டது எனச் சொல்ல இயலாது.

நகருக்கு எவ்வளவு நீர் தேவை என்பதைக் கணக்கிடுவதிலும் சிக்கல் உண்டு. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவுகோல். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையான 12.2 இலட்சத்தைக் கொண்டு பெருக்கினால் 16.5 கோடி லிட்டர் போதும். இருபது இலட்சம் பேர் எனக் கொண்டால் 27 கோடி லிட்டர் வேண்டும். கோப்பில் உபரி, குழாயில் பற்றாக்குறை என்ற நிலை இவ்வாறுதான் உண்டாகிறது. 2021-இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாமல் 2027-க்குத் தள்ளப்பட்டது. மெதுவாக வளரும் ஊருக்கு இத்தாமதம் பெரிய இழப்பன்று. பத்தாண்டுகளில் இருமடங்காகும் ஊருக்கோ, நிதி ஒதுக்கீடு முதல் பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கை வரை எல்லாமே பழைய எண்ணைக் கொண்டு அளக்கப்படுகின்றன என்று பொருள்.

வீடு எப்போது வீடாகும்?

புறநகரவாசியின் வாழ்வில் மிகுந்த ஆபத்து நெரிசலிலோ தண்ணீர்ப் பஞ்சத்திலோ இல்லை; அவரது பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் காகிதங்களில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகக் காண்பது நன்று.

மகாராஷ்டிரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு சட்டப்படி வீடாவதற்குப் பல படிகள் உள்ளன. முதலாவது, 'சாத்-பாரா' எனப்படும் நிலப்பதிவேட்டு நகல். நம் பட்டா, சிட்டா, அடங்கலை ஒத்தது. அடுத்து, வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, நெடுங்காலம் நடைமுறையில் இருந்துவந்த வருவாய்த் துறையின் அனுமதி. பிறகு, வரைபடத்துக்குத் திட்டமிடும் அமைப்பின் ஒப்புதலும், கட்டத் தொடங்குவதற்கான சான்றிதழும். கட்டி முடித்தபின், வரைபடப்படியே கட்டப்பட்டுள்ளது எனப் பார்த்துத் தரப்படும் குடியேறும் சான்றிதழ். இறுதியாக, குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்கு நிலத்தை மாற்றித் தரும் பத்திரம். 1963-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அடுக்குமாடி உரிமைச் சட்டம் இக்கடைசிப் படியைக் கட்டுபவரின் கடமையாக்கியுள்ளது. அவர் தவறினால் அரசு அலுவலர் மூலமே மாற்றிக்கொள்ளவும் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது.

வாங்குபவர் கையில் பொதுவாக இருப்பவை எவை? பதிவு செய்யப்பட்ட கிரய ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சொத்து வரி ரசீது. மூன்றிலும் அரசு முத்திரை உண்டு. ஆகவே வீடு செல்லும் என அவர் நம்புகிறார். ஆனால் மூன்றில் ஒன்றுகூடக் கட்டடம் சட்டப்படியானது என்பதற்குச் சான்றாகாது. பதிவு அலுவலகம், இன்னார் இன்னாருக்கு விற்றார் என்பதைப் பதிவு செய்கிறது. விற்ற பொருள் அனுமதி பெற்றதா என்று உறுதியளிப்பதில்லை. அனுமதியில்லாக் கட்டடத்துக்கும் மாநகராட்சி வரி விதிக்கலாம். அபராதமும் சேர்த்து விதிக்கலாம். ஆனால் வரி வாங்கியதால் அது முறைப்படுத்தப்பட்டதாகாது. ஒரு கையால் ரசீது கொடுத்து மறு கையால் இடிப்பு அறிவிப்புக் கொடுக்க அரசமைப்பால் இயலும் என்பதைச் சாதாரணக் குடிமகன் எவ்வாறு அறிவான்?

நாலாசோபாரா கிழக்கில் இதுதான் நிகழ்ந்தது. வளர்ச்சித் திட்டத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில் 41 கட்டடங்கள் எழுந்தன. ஆண்டுக்கணக்கில் மக்கள் குடியிருந்தபின், மும்பை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 நவம்பரில் இடிப்புத் தொடங்கி 2025-இன் தொடக்கத்தில் முடிவுற்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. நீதிமன்றத்தின் முன் வேறு வழியில்லை. நிலம் பொதுப்பயனுக்கு உரியது. ஆயினும் வாழ்நாள் சேமிப்பை இழந்தது, விற்றுவிட்டுச் சென்றவரன்று, வாங்கியவர். அவரை 'ஆக்கிரமிப்பாளர்' என ஒரே சொல்லால் குறித்துவிடும் கோப்பு மொழி நியாயமற்றது என்பது என் கருத்து.

இதே வட்டாரத்தில், அரசு அலுவலகங்களின் முத்திரைகளைப் போலியாகச் செய்து, அனுமதிச் சான்றிதழ்களை உருவாக்கி, பல கட்டடங்களை எழுப்பிய கும்பல் 2023-இல் பிடிபட்டது. 2025 ஆகஸ்டு இறுதியில் விராரில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட நான்கு மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து 17 பேர் மாண்டனர். பழங்காலக் கட்டடமன்று, பதினைந்து ஆண்டுகள்கூட நிறைவுறாதது.

உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, அலுவலர்கள் அனைவரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. நிறைவுச் சான்றிதழ் கண்டபின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரப்பட வேண்டும். வங்கிகளும் அச்சான்றைச் சரிபார்த்தபின்னரே அக்கட்டடத்தின் பேரில் கடன் வழங்க வேண்டும். தவறும் அலுவலர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என அது நாடு முழுவதற்கும் பணித்துள்ளது. இது முழுமையாக நடைமுறைக்கு வருமானால், மேற்சொன்ன மூன்று ரசீதுகளில் ஒன்றேனும் உண்மையான எச்சரிக்கையாக மாறும். ஆனால் ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களின் குழாயை மூடுவது தண்டனையைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைப்பதாகும். புதியதற்குக் கண்டிப்பு, பழையதற்குக் கணக்கெடுப்பும் உறுதித்தன்மைச் சோதனையும் என இரண்டையும் பிரித்து நடத்த வேண்டியுள்ளது.

திட்டம் வந்த நாள்

இவ்வளவும் திட்டமில்லாமல் நடந்தனவா என்றால் இல்லை. 1990-இல் சிட்கோ நிறுவனம் வசாய்-விரார் வட்டாரத்துக்குச் சிறப்புத் திட்டமிடும் அமைப்பாக நியமிக்கப்பட்டது. அது தயாரித்த வளர்ச்சித் திட்டம் 2001 முதல் 2021 வரையிலான இருபதாண்டுகளுக்கு உரியது. அரசின் ஒப்புதல் கிடைத்தது 2007-இல். திட்டக் காலத்தில் ஆறாண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன. பூங்காவுக்கும் பள்ளிக்கும் குறிக்கப்பட்ட இடங்கள் பலவற்றில் அதற்குள் சுவர்கள் எழுந்துவிட்டன. மாநகராட்சி அமைந்தபின் 2010-இல் திட்டமிடும் பொறுப்பு அதனிடம் வந்தது.

அதே சிட்கோ, 1970-இல் தொடங்கப்பட்டதிலிருந்து உருவாக்கி வந்த நவி மும்பையில் நிலம் முதலிலேயே கையகப்படுத்தப்பட்டுச் சாலையும் சாக்கடையும் முன்கூட்டியே இடப்பட்டன. அந்நகரின் மாநகராட்சி தனக்கெனச் சொந்தமாக மோர்பே அணையையே பெற்றுள்ளது. அங்கும் வாஷிக்கு ரயில் 1992-இல்தான் வந்தது. அதுவரை வீடுகள் இருந்தும் மக்கள் வரத் தயங்கினர். வசாயில் ரயில் இருந்தது, மற்றவை இல்லை. மக்கள் வந்து குவிந்தனர். இவ்விரு நகரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு, மக்களை ஈர்ப்பது வரைபடமன்று, வேலைக்குச் செல்லும் வழியே என்பது விளங்கும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நெடுங்காலம் போளிஞ்சில் உள்ள ஒரே நிலையத்தோடு நின்றது; எஞ்சிய வீடுகளின் கழிவு தொட்டிகளுக்கும் ஓடைகளுக்கும் சென்றது. உப்பளங்களும் கழியோடைகளும் தூர்ந்த இடங்களில் மழைநீர் வழிதேடித் திணறுகிறது. 2018 ஜூலையில் பெய்த கனமழையில் நாலாசோபாராவில் தண்டவாளங்கள் மூழ்கி ரயில் போக்குவரத்து நின்றது. நெடுந்தொலைவு வண்டியில் சிக்கிய பயணிகளைப் பேரிடர் மீட்புப் படையினர் மீட்டனர். வெள்ளத்தின் காரணங்களை ஆராய நீரி நிறுவனமும் மும்பை ஐ.ஐ.டி.யும் அமர்த்தப்பட்டன. மழைநீரைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் குளங்கள் வேண்டும் என்பது அவற்றின் பரிந்துரைகளுள் ஒன்று. பழைய ஊரில் அத்தகைய குளங்கள் பல இருந்தன என்பதை முதியோர் நினைவூட்டுகின்றனர்.

மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட கிராமங்களுள் 29, தமக்குக் கிராம ஊராட்சியே போதும் என்று வாதிட்டன. 2011-இல் அவற்றை விடுவிக்க மாநில அரசு முடிவு செய்ய, அது வழக்காகிப் பத்தாண்டுகளுக்கு மேல் இழுபட்டது. வரி உயரும், தோட்ட நிலம் மனையாகும், ஊர்ச்சபையில் கைதூக்கிப் பேசிய உரிமை போய்விடும் என்பன அவர்களின் அச்சங்கள். இவற்றில் எதுவும் வீண் அச்சமன்று. 2020 ஜூனில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடைபெறாமல் அலுவலரே நிர்வாகியாக இருந்து நகரை நடத்தினார். 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு உறுதியளித்த தன்னாட்சி, அதை மிகவும் வேண்டிய நகரில் இவ்வாறு இடைவெளி கண்டது. குழாய் வரவில்லை என்று சொல்ல வார்டு உறுப்பினர் இல்லாத ஐந்தாண்டுகள், வளரும் நகருக்கு நீண்ட காலம்.

இவற்றுக்கிடையே நகரம் தன் வேர்களை ஊன்றிக்கொண்டுதான் இருக்கிறது. வசாய் கிழக்கில் வாலிவ், கோகிவரே பகுதிகளின் சிறுதொழிற்கூடங்கள் மும்பைக்குச் செல்லாமலேயே பல்லாயிரம் பேருக்கு வேலை தருகின்றன. காலையில் விரார் நோக்கி வரும் வண்டிகளிலும் இப்போது கூட்டம் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு நாலாசோபாரா 'சொந்த ஊர்'. கோடை விடுமுறைக்குச் செல்லும் ஊர் தாத்தா பாட்டியுடையது. மும்பை-அகமதாபாத் அதிவேக ரயிலுக்கு விராரில் ஒரு நிலையம் அமைகிறது.

2013-இல் புறநகர் ரயில் சேவை விராரைத் தாண்டித் தகாணு வரை நீட்டிக்கப்பட்டது. 2014 ஆகஸ்டு முதல் நாளில் தானே மாவட்டத்திலிருந்து பால்கர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. விராருக்கும் தகாணுவுக்கும் இடையே மூன்றாவது, நான்காவது தண்டவாளங்கள் அமைக்கும் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. வசாயிலும் நாலாசோபாராவிலும் விலை கட்டாதவர்கள் சஃபாளே, பால்கர், உம்ரோளி, போயிசர் என அடுத்தடுத்த நிலையங்களில் வீடு பார்க்கின்றனர். தாராப்பூர் தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்துள்ள போயிசரில் அடுக்குமாடிகள் ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன. மாநகராட்சியோ நகராட்சியோ அமையாமல், நகராகிவிட்ட அவ்வூரின் குப்பையும் குடிநீரும் நெடுங்காலமாகக் கிராம ஊராட்சியின் பொறுப்பிலேயே இருந்து வந்துள்ளன.